கதிரேசன் ஜெயித்த ஆட்டம்

செண்பகவல்லி கோவில்பட்டிக்காரர். செஸ் சொல்லிக் கொடுப்பவர். அவரிடம் படித்தவர்களில் ரெண்டு பேர் பெரிய ஆட்டக்காரர்கள். ஒருவன் அருள்தாஸ், கிராண்ட்மாஸ்டர். இன்னொருவன் கதிரேசன், கிராண்ட்மாஸ்டர் ஆகாதவன்.

ஊரில் அப்படித்தான் அடையாளம் சொல்வார்கள். "எந்தக் கதிரேசன்? அந்தப் பட்டம் கிடைக்காம நிக்காரே, அவரா?" நல்ல வேலை இருந்தது, அருமையான மனைவி இருந்தாள், நாட்டில் முப்பது நாற்பது பேரைத் தவிர மற்ற எல்லாரையும் ஜெயிக்கக்கூடிய மூளை இருந்தது. என்ன இருந்து என்ன? ஆள் அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டுவிட்டான்.

கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை யாரும் தட்டில் வைத்துக் கொடுப்பதில்லை. பெரிய பெரிய ஆட்கள் ஆடும் போட்டிகளில் மூன்று தடவை அவர்களுக்குச் சமமாக ஆடிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நார்ம் என்று பேர். மூன்று நார்ம் சேர்ந்தால் பட்டம். கதிரேசனிடம் ரெண்டு இருந்தது. மூன்றாவது, கைக்கு எட்டி எட்டி வாய்க்கு எட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. வயதும் முப்பத்தேழு ஆகிவிட்டது.

அந்த வருஷம் சென்னைக்கு வெளியே ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் சர்வதேசப் போட்டி நடந்தது. கிளம்பும்போது மனைவி வாசலில் வைத்தே சொல்லிவிட்டாள், "இதுதான் கடைசி. கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டாலும் சரி. அப்புறம் வீட்டுல இருக்கணும்." கதிரேசனும் தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தான். ஆட்டியது பொய்யில்லை.

ஆச்சரியம் என்னவென்றால் இந்தத் தடவை எல்லாமே கூடி வந்தது. ஒரு ரவுண்டு பாக்கி. அதில் ஒரு டிரா கிடைத்தால் போதும், மூன்றாவது நார்ம் வந்துவிடும், பட்டம் வந்துவிடும்.

சந்தோஷமாக இருக்க வேண்டிய ஆள் அன்றைக்குச் சாயங்காலம் மண்டபத்துப் படிக்கட்டில் பேதி மருந்து குடித்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். காரணம் ஒன்றுதான். அதே போட்டியில் அருள்தாஸும் ஆடிக்கொண்டிருந்தான். அவன் முதல் இடத்தில் இருந்தான்.

செண்பகவல்லி முறுக்குப் பொட்டலத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்களைவிட அவருக்கு அஞ்சாறு வயதுதான் கூட. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மாநிலத்தில் ஜெயித்தவர், அந்தக் கையோடு தெருப்பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தவர். முதல் நாள் வந்த பிள்ளைகளில் இவர்கள் ரெண்டு பேரும் உண்டு.

"அக்கா, ஒண்ணு கேக்கேன். மறைக்காம சொல்லணும்."

"கேளு."

"அருளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

"உனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான்."

"இல்லக்கா. ஒரே பாய்ல உக்காந்து ஒரே பாடம் படிச்சோம். அவனைவிட நான்தான் சீக்கிரம் கணக்குப் போடுவேன், நீங்களே சொல்லியிருக்கீங்க. அப்புறம் எப்படி அவன் அங்க, நான் இங்க? அவனுக்கு ஏதோ ஒண்ணு தனியாச் சொல்லியிருக்கீங்க."

செண்பகவல்லிக்குக் கோபம் வரவில்லை. ஒரு முறுக்கை உடைத்து அவனிடம் கொடுத்தார்.

"அருள் எப்படி மேல வந்தான்? அவன் கதையைச் சொல்லு, கேப்போம்."

"உங்களுக்குத் தெரியாதா?"

"நீ சொல்லு."

கதிரேசன் சொன்னான். கேட்டால் யாரும் அசந்துபோவார்கள். அருள்தாஸின் பெண்டாட்டிகூட அப்படிச் சொல்ல மாட்டாள்.

பதினாலு வயதில் மாநில சாம்பியன், இறுதி ஆட்டத்தில் ஒரு குதிரையை விட்டுக் கொடுத்து ஜெயித்தான். முதல் நார்ம் புவனேஸ்வரத்தில். ரெண்டாவது துபாயில், கடைசி ரவுண்டில் கறுப்புக் காய்களோடு. மூன்றாவது ஹங்கேரியில் ஒரு சின்ன ஊரில், பனியில், காய்ச்சலோடு ஆடி. எதிராளி செய்த தப்பு இருபத்தி ரெண்டாவது மூவ். அடுத்த நாள் பேப்பரில் போட்டோ வந்தது, நீலச் சட்டை, காலர் மடங்கியிருந்தது. பிறகு ஒலிம்பியாட் அணியில் உபரி ஆள். அடுத்த தடவை மூன்றாம் போர்டு. கல்யாணம் முடிந்த மறுவாரமே ஸ்பெயினில் ஒரு கோப்பை. அதற்கப்புறம் ரெண்டு வருஷம் நல்ல சறுக்கல், தொட்டதெல்லாம் தோல்வி.

அந்த ரெண்டு வருஷத்தைச் சொல்லும்போது மட்டும் கதிரேசனின் குரலில் தேன் ஒழுகியது.

"அப்புறம் எந்திரிச்சுட்டான்," என்று முடித்தான். தேன் நின்றுபோனது.

"பட்டம் வாங்கினப்ப உன் வீட்டுக்கு வந்தானா?"

"வந்தான். மைசூர்பாகு கொண்டுவந்தான்."

"சாப்பிட்டியா?"

"சுகர்னு சொல்லிட்டேன்."

"உனக்கு அப்ப என்ன வயசு?"

"இருபத்தி நாலு."

செண்பகவல்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு முறுக்கைக் கடித்தார்.

"சரி, உன் முதல் நார்ம் எங்க வந்துச்சு?"

"கொல்கத்தா."

"கடைசி ரவுண்டுல என்ன ஆடின?"

கதிரேசன் யோசித்தான். கொஞ்ச நேரம் யோசித்தான். "சிசிலியன் ஓப்பனிங்னு நினைக்கேன்."

"நினைக்கியா?"

கதிரேசன் கையிலிருந்த முறுக்கைக் கடித்தான். அவரும் விட்டுவிட்டார்.

"நாளைக்கு உனக்கு என்ன வேணும்?"

"ஒரு டிரா."

"வேற?"

வேறு என்ன என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அருள்தாஸ் தோற்க வேண்டும். முதல் இடத்திலிருந்து உருண்டு விழ வேண்டும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வயிறு பற்றி எரிகிறவனுக்கு வேறு என்ன வேண்டும்? தன் மூக்கு அறுபட்டாலும் சரி, எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் இதையெல்லாம் அக்காவிடம் எப்படிச் சொல்வது?

"வேற ஒண்ணுமில்லக்கா," என்றான்.

அந்த நேரம் பார்த்து அருள்தாஸே வந்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. முதல் இடத்தில் இருக்கிற கவலை முகத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை. அதுவே கதிரேசனுக்கு எரிச்சலாக இருந்தது.

"மாப்ளே, நாளைக்கு உனக்கு அந்த வங்காளத்துக்காரர்தானே? போன மாசம்தான் அவர்கூட ஆடினேன். வா, காட்டுதேன்."

"வேண்டாம்டே. எல்லாம் பாத்து வச்சிட்டேன்."

"சரி மாப்ளே." ரெண்டு முறுக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கதிரேசன் ஒன்றும் பார்த்து வைக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடைசி ரவுண்டு.

மணமேடையில்தான் முதல் ரெண்டு போர்டுகள். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் இடத்தில் வெல்வெட் நாற்காலி போட்டு, பின்னால் பிளாஸ்டிக் பூ அலங்காரத்தையும் கழற்றாமல் விட்டிருந்தார்கள். முதல் போர்டில் அருள்தாஸ் புது மாப்பிள்ளை கணக்காக உட்கார்ந்திருந்தான். எதிரில் ஒரு ஜார்ஜியாக்காரர். மற்ற போர்டுகள் எல்லாம் கீழே. கதிரேசனின் போர்டு ஒரு பெரிய தூணுக்கு அந்தப் பக்கம். உட்கார்ந்தால் மேடை தெரியாது. மேடைக்குப் போனால் போர்டு தெரியாது.

செஸ் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளி யோசிக்கும்போது நாம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. எழுந்து நடக்கலாம், அடுத்த போர்டுகளை எட்டிப் பார்க்கலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பேசத்தான் கூடாது.

கதிரேசன் ஒரு மூவ் ஆடுவான், எழுவான், மேடைக்குப் போவான். அருள்தாஸின் போர்டைப் பார்ப்பான். திரும்பி வருவான். வந்து பார்த்தால் எதிராளி எப்போதோ ஆடி முடித்து, இவன் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பரவாயில்லை என்று உட்கார்ந்து ஆடுவான். மறுபடி கால் அரிக்கும்.

இப்படியும் ஆட்டம் நன்றாகத்தான் போனது. அதுதான் அவன் திறமை. பாதிக் கண்ணை வைத்துக்கொண்டே ஒரு கிராண்ட்மாஸ்டரைச் சமாளித்துவிட்டான். காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டு, ஆளுக்கு ஒரு யானையும் மூன்று சிப்பாயும் மிச்சம். பச்சைப்பிள்ளைகூட டிரா பண்ணிவிடும் நிலைமை. ஆனால் நாற்பது மூவ் ஆகும் முன் டிரா பேசக் கூடாது என்று அந்தப் போட்டியில் விதி. இன்னும் மூன்று மூவ்தான் பாக்கி.

கதிரேசன் யானையை ஒரு கட்டம் நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அமுக்கினான். அதில் அவனுக்கு எட்டு நிமிஷம் மிச்சம் இருந்தது. வங்காளத்துக்காரர் நெற்றியில் கை வைத்து யோசனையில் இறங்கினார்.

ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கதிரேசன் எழுந்தான்.

மேடையில் அருள்தாஸின் ஆட்டம் முடிகிற கட்டத்துக்கு வந்திருந்தது. அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான். அவன் ராணி எதிராளியின் ராஜாவைத் துரத்திக்கொண்டிருந்தது. எதிரில் ஒரு சிப்பாய் கேட்பாரில்லாமல் நின்றது, வந்து என்னை எடுத்துக்கொள் என்கிற மாதிரி.

கதிரேசனுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அந்தச் சிப்பாயை எடுக்கக் கூடாது. எடுத்தால் கறுப்புக் குதிரை ஒரே தாவில் ராஜாவுக்குச் செக் வைத்து, கூடவே ராணியையும் பிடித்துவிடும். அதோடு கதை முடிந்தது.

எடுடா, என்றான் மனசுக்குள். எடு. எடுத்துத் தொலை.

அருள்தாஸ் கையை நீட்டினான். மடக்கிக்கொண்டான். தாடையைத் தடவினான். கதிரேசனுக்கு உள்ளங்கை வேர்த்தது. பட்டம் வாங்கப் போகிற தன் ஆட்டத்தில்கூட அவனுக்கு இப்படி வேர்க்கவில்லை. குலதெய்வத்தைக் கூப்பிட்டான். பாவம், சாமிக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை.

அருள்தாஸ் மறுபடி கையை நீட்டி, ராணியால் சிப்பாயை எடுத்தான்.

கதிரேசன் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் குதிரையை இன்னும் யாரும் ஆடவில்லையே. ஜார்ஜியாக்காரர் அதைப் பார்ப்பாரா? அவர் தண்ணீர் குடித்தார். மூடியைத் திருகினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாருய்யா, குதிரையைப் பாருய்யா. கதிரேசனால் நகர முடியவில்லை. இருபது வருஷமாகக் காத்திருந்த காட்சி கண்ணுக்கு முன்னால் நடக்கப் போகிறது, அதை விட்டுவிட்டு எப்படிப் போவது?

கடைசியில் ஜார்ஜியாக்காரரின் கை குதிரை மேல் போனது.

அருள்தாஸ் போர்டைப் பார்த்தான். ஒரு தடவை உதட்டைக் கடித்தான். பிறகு கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினான். தோல்வியை ஒப்புக்கொண்டாயிற்று.

கதிரேசன் மேடையை விட்டு இறங்கினான். இறங்கினான் என்றா சொன்னேன், மிதந்தான். இவ்வளவு நல்ல காற்று அந்த மண்டபத்தில் அதுவரைக்கும் அடித்ததில்லை.

தூணைத் தாண்டி வந்தான். அவன் போர்டு பக்கத்தில் நடுவர் நின்றிருந்தார். வங்காளத்துக்காரர் தலையைக் குனிந்து பேனா மூடியை நோண்டிக்கொண்டிருந்தார். அவர் எப்போதோ ஆடிவிட்டார். கடிகாரத்தில் கதிரேசன் பக்கம் முழுக்கச் சைபராக இருந்தது.

"டைம் முடிஞ்சுது சார்," என்றார் நடுவர் மெதுவாக. "சொல்லக் கூடாதுன்னு விதி. இல்லைன்னா சொல்லியிருப்பேன்."

கதிரேசன் கையெழுத்துப் போட்டான். எங்கே போடுகிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை.

மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் செண்பகவல்லி தனியாக உட்கார்ந்திருந்தார். நீள மேசையில் சுருட்டி எடுத்துப்போகிற ரப்பர் போர்டும் காய்ப் பையும் இருந்தன. ஆட்டம் முடிந்து வருகிற தன் ஆட்களோடு உடனே உட்கார்ந்து ஆட்டத்தை அலசிப் பார்ப்பது அவர் பழக்கம்.

கதிரேசன் வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"முடிஞ்சு போச்சுக்கா."

"என்ன ஆச்சு?"

"தோத்துட்டேன்."

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. அவருக்கும் அது வலித்தது. பிறகு போர்டை அவன் பக்கம் தள்ளினார்.

"போடு, பாப்போம்."

கதிரேசன் காய்களை வைத்தான். ரெண்டு யானை, ரெண்டு ராஜா, சிப்பாய்கள்.

"இதுல எப்படித் தோத்த?"

"டைம்ல."

"எங்க போயிருந்த?"

அவன் கண் மேடைப் பக்கம் போனது. சொல்லவும் தேவையில்லை.

"சரி. இதுல அவர் கடைசியா என்ன ஆடினாரு?"

கதிரேசன் போர்டைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "தெரியலக்கா. பாக்கத் தோணல."

"மேல, அருள் போர்டுல?"

"குதிரை எஃப் மூணு கட்டத்துக்கு, செக்." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. "அதுக்கு முன்னாடி ராணியால சிப்பாயை எடுத்தான். எடுக்கவே கூடாது. ராஜாவை ஓரமா ஒதுக்கியிருந்தா அவன்தான் ஜெயிச்சிருப்பான். இருங்க, காட்டுதேன்."

அவன் கை பாட்டுக்குத் தன் ஆட்டத்துக் காய்களை வழித்து ஒதுக்கியது. அருள்தாஸின் ஆட்டத்தை அடுக்கியது. ராஜா, ராணி, குதிரை, ஓரத்துச் சிப்பாய் வரைக்கும் ஒன்று தப்பவில்லை. எல்லாவற்றையும் வைத்து முடித்த பிறகுதான் என்ன செய்திருக்கிறோம் என்று அவனுக்கே உறைத்தது. கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

செண்பகவல்லி அந்த ஆட்டத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் செய்கிற மாதிரி, அவனை நோக்கிக் கையை நீட்டினார்.

"எதுக்குக்கா?"

"ஜெயிச்சிருக்கியே."

"நான் தோத்துட்டேங்கேன், நீங்க என்னடான்னா..."

"இருபது வருஷமா இந்த ஆட்டத்தைத்தானே ஆடிட்டு இருந்த? இன்னைக்கு முடிஞ்சுது. நீ ஜெயிச்சுட்ட. கையைக் கொடு."

கதிரேசன் கொடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. கூடத்துக்கு வெளியே அருள்தாஸின் குரல் கேட்டது. அவனும் ஜார்ஜியாக்காரரும் குதிரை எங்கிருந்து வந்தது, எங்கே போயிருக்கலாம் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். நடுவில் ஏதோ சொல்லி ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

"ஜெயிச்சா இப்படியா இருக்கும்?" என்றான் கதிரேசன். "அங்க பாருங்கக்கா அவனை. தோத்தவன் மாதிரியா இருக்கான்? எனக்கு இருந்த ஒண்ணும் போச்சு, அவன் ஒண்ணுமே நடக்காத மாதிரி டீ குடிக்கப் போறான்."

செண்பகவல்லி வாசல் பக்கம் திரும்பி அருள்தாஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உன்கிட்ட தோத்தது அவனுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார். "அவன் உன்கூட ஆடவே இல்லையே."